மாமனிடமிருந்து மருமகனுக்கு வந்தது

இரணியல்
நவம்பர் 9

ஆண்டவருடைய தயவில் நன்றாக இருக்கவேண்டிய என் அன்பு மகன் அபினுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், உன் தங்கை அஜிஷாவும் அவள் பிள்ளையும் கர்த்தரின் கிருபையால் சுகம். மழை விடாமல் பெய்கிறது, அதனால் எல்லாருக்கும் மூக்கடைப்பு, அதைத் தவிர வேறு குறை இல்லை. உன் சுகத்தை அறிய ஆவல் என்று எல்லாரும் எழுதுவார்கள். நான் இந்த முறை ஆவல் என்று எழுதப்போவதில்லை, உன் சுகம் எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டின்னைத் திறந்தவுடன் உன் முகம் போன போக்கை இங்கிருந்தே பார்க்கிறேன். உன் சித்தப்பா மகன் எபின் லீவு முடிந்து பஹ்ரைனுக்குத் திரும்புகிறான் என்றால் அவன் பெட்டியில் நம் வீட்டு டின் ஒன்று இருக்கும், அதில் முந்திரிக்கொத்து இருக்கும் என்று உங்கள் அறையில் எல்லாருக்கும் தெரியும். இந்த முறை பயறும் வறுக்கவில்லை, கருப்பட்டியும் காய்ச்சவில்லை. சுகர் பார்க்கிற மிஷினும், அதற்குரிய ஊசியும், ரத்தம் தொட்டு வைக்கிற ஸ்ட்ரிப் டப்பாவும், இந்தக் கடிதமும்தான் வைத்திருக்கிறேன். எபினைத் திட்டாதே, அவனும் கொத்துதான் என்று நினைத்துத்தான் கொண்டுவந்தான். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னேனே. சுகர் என்ற சொல் என் வாயில் வந்ததும் உனக்கு அங்கே சிக்னல் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீல டிக் விழுகிறது, அதற்குமேல் ஒன்றும் வருவதில்லை. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது, அம்மா கைப்பட எழுதியதைக் கிழித்துப்போட உனக்கு மனமும் வராது. அதனால் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் படி. நாங்கள் உனக்குச் சுருக்கிச் சொன்னதை எல்லாம் இப்போது விரித்துச் சொல்லப்போகிறேன்.

அஜிஷாவின் பிள்ளைக்கு மஞ்சள் வந்தது, விளக்கின் கீழ் வைத்தார்கள், சரியாகிவிட்டது என்று உனக்குச் சொன்னோம். அது அவ்வளவு லேசான காரியம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவள் மாமியார் ஞானபாய் ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார். அவர்கள் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குக் கடைத்துணி சுற்றமாட்டார்கள், முன்னால் பிறந்த பிள்ளைகளுக்குச் சுற்றிய பழைய மெல்லிய துணியைத்தான் வீடு வீடாகக் கைமாற்றிச் சுற்றுவார்கள். நல்ல வழக்கம்தான், நான் தையல்காரி, பழகிய துணியின் மென்மை புதுத்துணிக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் துணியைப் பூச்சி அரிக்காமல் இருக்க பீரோவில் பாச்சா உருண்டைகளுக்கு நடுவில் மடித்து வைத்திருந்தார்கள். எடுத்த கையோடு கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றிவிட்டார்கள். அந்த நெடி வீடு முழுக்க அடித்தது, எவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். மறுநாள் சாயங்காலம் பிள்ளையின் உள்ளங்கால் வரை மஞ்சள், பால் குடிக்கவில்லை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மார்த்தாண்டத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். நீல விளக்கின் கீழ் போட்டார்கள், ரத்தம் மாற்றவேண்டி வரலாம் என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கினார்கள். அஜிஷா அழக்கூட இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ அன்று போன் பண்ணி மருமகன் கறுப்பா வெளுப்பா என்று கேட்டாய், அப்பா உன்னிடம் நல்ல நிறம் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஆண்டவர் இரங்கினார், ரத்தம் மாற்றாமலேயே இறங்கியது. ஞானபாயை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அன்போடு கொண்டுவந்தார், இப்படி ஒன்று இருப்பது எங்கள் யாருக்குமே தெரியாது.

குழந்தை டாக்டர் சபிதா விடாப்பிடியான பெண், மஞ்சள் இறங்கியதும் போங்கள் என்று அனுப்பவில்லை. பாச்சா உருண்டை கதையைக் கேட்டதும் தனியாக ஒரு ரத்தச் சோதனை எழுதினார். பிள்ளைக்கு ரத்தத்தில் ஒரு என்சைம் குறைவு என்று வந்தது. பெயர் ஜி சிக்ஸ் பிடி. ரத்தத்தில் இருக்கிற சிவப்பணு உடையாமல் காக்கிற காவல்காரன் மாதிரியாம் அது, அது குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பாச்சா உருண்டையும், சில மாத்திரைகளும், ஒரு வகை அவரைப் பருப்பும் ஆகாது, அணுக்கள் உடைந்து மஞ்சள் வந்துவிடும். பயப்படாதீர்கள், இதை நோய் என்று சொல்லவேண்டாம், ஆகாததைத் தள்ளிவைத்தால் பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும்போல வளரும் என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். இது அம்மா வழியாக வருவது, பெண்களிடம் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும், ஆண்பிள்ளைக்கு வந்தால்தான் வேலையைக் காட்டும், உங்கள் அம்மா வழியில் ஆண்கள் யார் யார் என்று அஜிஷாவிடம் கேட்டார். அஜிஷா வெளியே பெஞ்சில் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ராஜு மாமாவைக் காட்டினாள்.

ராஜு மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் கூடப்பிறந்தவன், களியக்காவிளை சந்தையில் நேந்திரங்குலை மொத்த வியாபாரம், ராஜகுமார் என்று கேட்டால் தெரியாது, குலை ராஜு என்றால் கேரளா லாரிக்காரனுக்கும் தெரியும். கல்யாண வீட்டில் அவன் உட்காரும் வரிசைக்குத்தான் பாயசம் முதலில் வரும். அடைப்பிரதமனை இலையில் ஊற்றச் சொல்லி, மட்டிப்பழமும் பப்படமும் போட்டுப் பிசைந்து, போளியையும் அதில் முக்கி, பக்கத்தில் சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு இருக்கும் உன் அப்பாவைப் பார்த்து அத்தானுக்கு ஒரு தேக்கரண்டி வேணுமா என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் மூன்று மாதச் சுகர் டெஸ்ட் பேப்பரை ஃபோனில் எடுத்துக் காட்டுவான். ஐந்து புள்ளி இரண்டு. வருஷா வருஷம் அதே ஐந்து புள்ளி இரண்டு. நம் வீட்டு ஆண்களுக்குச் சர்க்கரை கிடையாது என்று உனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அந்தப் பேப்பரைக் காட்டினவன் அவன்தான். நானும் குறைந்தவள் இல்லை. சுகர் உன் அப்பா வீட்டுச் சீதனம், எங்கள் வீட்டில் அது கிடையாது என்று உன் அப்பாவை எத்தனை முறை சொல்லிக் காட்டியிருப்பேன். அப்படிப்பட்டவனுக்குச் செருப்பு வார் உரசிக் காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. செருப்பு சரியில்லை என்று செருப்பை மாற்றினான். பிறகு மருந்தை மாற்றினான், பிறகு வைத்தியரையே மாற்றினான். சுகர் பார்த்தாயா என்று கேட்டவர்களுக்கு எல்லாம் அதே ஐந்து புள்ளி இரண்டைக் காட்டினான், அவர்களும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

டாக்டர் சபிதா பேப்பரைப் பார்க்கவில்லை, மாமாவின் காலைப் பார்த்தார். அவனைப் பெரியவர்களுக்கான டாக்டரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார். விரலில் குத்திப் பார்த்தார்கள், முன்னூறைத் தாண்டி நின்றது. மாமா சிரித்தான், மிஷின் கேடு என்றான். வேறு மிஷினில் பார்த்தார்கள், அதிலும் அதுதான். பிறகு கையிலிருந்து ரத்தம் எடுத்து இரண்டும் பார்த்தார்கள், சுகர் முன்னூறுக்கு மேல், மூன்று மாதச் சோதனை அப்போதும் ஐந்தரைக்குள். அந்த டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மூன்று மாதச் சோதனை என்பது சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. ஒருவன் மூன்று மாதம் கழற்றாமல் போட்ட சட்டையின் அழுக்கைப் பார்த்து அவன் எவ்வளவு புழுதியில் நடந்தான் என்று சொல்வதைப்போல. இந்த என்சைம் குறைந்தவர்களுக்குச் சிவப்பணு முழு ஆயுள் இருப்பதில்லை, சீக்கிரம் போய்ப் புது அணு வந்துவிடுகிறது. பாதியில் சட்டையை மாற்றிக்கொண்டவனுடைய சட்டையில் அழுக்கு எங்கே தெரியும்? அவன் புழுதியில் நடந்தது நடந்ததுதான், சட்டைதான் புதுசு. அன்று சாயங்காலம் வார்டில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எக்கா, எனக்க பேப்பரு இத்தற வருசமா என்னைய ஏச்சிட்டு இருந்திருக்கு" என்று சொன்னான். சந்தையில் அவன் சத்தத்தைக் கேட்டவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் வேறு யாரோ என்று நினைத்திருப்பார்கள். உன்னிடம் காலில் சின்ன ஆபரேஷன் என்று சொன்னோமே, இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் மக்கா. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதம் போயிருக்கும் என்றார்கள். அவனுக்கும் அந்த என்சைம் குறைவுதான் என்று பிறகு சோதனையில் உறுதியானது.

இன்னொன்றும் அந்த டாக்டர் சொன்னார். இந்தக் குறை சுகரை மறைப்பது மட்டும் இல்லை, இது இருக்கிற ஆண்களுக்குச் சர்க்கரை வியாதி வருகிற வாய்ப்பே மற்றவர்களைவிடக் கூடுதல் என்று சில ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்களாம். வந்தே தீரும் என்று இல்லை, ஆனால் வந்தால் திருடன் மாதிரி வரும், அதனால் நாம்தான் விழித்திருக்கவேண்டும். உனக்கோ அப்பா பக்கத்திலிருந்தும் சர்க்கரை, என் பக்கத்திலிருந்து இது. இதில் ஒரு விசித்திரம் பார், மாமாவின் சொந்தப் பையன்களுக்கு அவனிடமிருந்து இது போகாதாம். ஆண் தன் மகனுக்குக் கொடுப்பதில்லை, பெண் வழியாகத்தான் அடுத்த ஆணுக்குப் போகும். மாமனிடம் இருப்பது அவன் அக்கா தங்கை பெற்ற பிள்ளையிடம்தான் தெரியும். உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு, முன்பு நம் நாஞ்சில் நாட்டில் சில குடும்பங்களில் மாமன் சொத்து மருமகனுக்குப் போகிற மருமக்கள்வழி இருந்ததே, சட்டம் போட்டு நிறுத்தினார்கள், இந்தச் சொத்துக்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை என்றார். பிறகு எனக்குச் சீனி போடாத காப்பியை நீட்டி, "இனி எனக்க வீட்ட மட்டும் சொல்ல முடியாதுல்லா" என்றார். இவ்வளவு நாள் நான் சொன்னதற்கு எல்லாம் அந்த ஒன்றோடு கணக்குத் தீர்த்துவிட்டார். எனக்கும் சுகர் பார்த்தோம், இப்போதைக்கு இல்லை, ஆனாலும் அந்தக் காப்பியைத்தான் குடிக்கிறேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். மாமாவுக்கும் இருக்கிறது, அஜிஷாவின் பிள்ளைக்கும் இருக்கிறது என்றால் நடுவில் அதைக் கொண்டுவந்தவர்கள் நானும் அஜிஷாவும்தான். என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். ஆனால் நீ அங்கே போன புதிதில் கண் மஞ்சளாகி, சிறுநீர் பால் சேர்க்காத கட்டன்சாயா நிறத்தில் போகிறது என்று ஃபோன் பண்ணினாயே, ஞாபகம் இருக்கிறதா? வெயில் சூடு என்றார்கள், நான் கீழாநெல்லி இடித்து அனுப்பினேன். அந்த வாரம்தான் எகிப்திலிருந்து வந்த மிஸ்ரிக்காரன் ஒருவன் கடையில் ஃபூல் என்று ஒரு பயறு தின்ன ஆரம்பித்திருந்தாய், நல்ல ருசி என்று எனக்குப் படம்கூட அனுப்பினாய். அந்தப் படத்தை டாக்டரிடம் காட்டினேன். ஆகாத அவரை அதுதான் என்றார். ஒவ்வொரு முறையும் காட்டிக்கொடுக்காது, காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்காக ஆகும் என்று நினைக்கக்கூடாது என்றும் சொன்னார். நீ இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மறுபடியும் அந்தக் கடைக்குப் போகிறாய் என்று எபின் சொன்னான். அவன் சொன்னது அது மட்டும் இல்லை. "அவன் தண்ணி குடிக்கியத பாத்தா பயமா இருக்கு பெரியம்மா" என்று சொன்னான். பக்கத்தில் ஒரு பெரிய கேன் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாயாம், தூக்கத்தில் எத்தனை முறை எழுந்து போகிறாய் என்று அவன் எண்ணுவதை விட்டுவிட்டானாம். அவன் உன்னைப்பற்றிப் புறம் சொல்லவில்லை, நான் கேட்டேன், அவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. நான் ஏன் கேட்டேன் தெரியுமா? வீடியோவில் உன் சட்டைக் காலரைப் பார்த்தேன். அந்தச் சட்டை நான் தைத்தது, அந்தக் கழுத்து அளவு என் விரலுக்குத் தெரியும். இப்போது அதற்குள் உன் கழுத்து குடத்துக்குள் கரண்டி நிற்கிறதைப்போல நிற்கிறது. அதற்கு மேலே எபினிடம் ஒரு பேண்ட்டைக் கொடுத்து, இடுப்பைப் பிடித்துத் தரச்சொல்லி அனுப்பியிருக்கிறாய். இடுப்பு சுருங்கினதற்கு, ஜிம்முக்குப் போகிறேன் என்று நீ சொன்னால் நான் நம்பவேண்டுமா? ஜிம்முக்குப் போகிறவனுக்குத் தோள் விரியும், உனக்குத் தோளும் இறங்கியிருக்கிறது.

கம்பெனி மெடிக்கலில் ஐந்து புள்ளி ஒன்று, எல்லாம் நார்மல் என்று நீ சொல்கிறாய். உன் மாமா உன்னைவிட ஒரு புள்ளி கூடத்தான் வைத்திருந்தான், அவனுக்கு இப்போது இரண்டு விரல் இல்லை. கம்பெனி எடுப்பதும் அந்த மூன்று மாதச் சோதனைதான். நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை, உனக்குக் கொடுத்த பேப்பருக்கு உன் ரத்தத்தைப்பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்கிறேன். உன் பயம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. சுகர் என்று ஃபைலில் ஏறிவிட்டால் உயரத்தில் கட்டிய சாரத்தில் ஏறவிடமாட்டார்கள், ஃபோர்மேன் வேலை போய்விடும், அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். முதலில் ஃபைலுக்கு வெளியே பார், அதற்காகத்தான் மிஷினை டின்னில் வைத்து அனுப்பினேன், உன் அறைக்கதவுக்கு வெளியே யாருக்கும் தெரியவேண்டாம். எண் கூடுதலாக இருந்தால் அங்கேயே ஒரு நல்ல டாக்டரிடம் போ, மருந்து எடுத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தலை சுற்றுவதை மறைத்துக்கொண்டு நீ உயரத்தில் நிற்பதைவிடக் கீழே நின்று பாதிச் சம்பளம் வாங்குவது எனக்கு மேல். வேலையே போனாலும் வா, அப்பாவின் கடையில் ஒரு ஸ்டூல் காலியாகத்தான் கிடக்கிறது, இரணியல் ஸ்டேஷனில் ரயில் நிற்கிறவரை நம் கடையில் வியாபாரம் இருக்கும்.

கல்யாணக் காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை வெளியே விடாதே, வில்லுக்குறிப் பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் விலகிவிடுவார்கள், கல்யாணம் முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று உன் சித்தப்பா உட்பட நான்கு பேர் வந்து புத்தி சொன்னார்கள். நான் மறுநாளே ஆட்டோ பிடித்து வில்லுக்குறிக்குப் போய் அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். என் தம்பி காட்டின பேப்பர் சரியில்லாத பேப்பர், அதை நம்பவேண்டாம் என்றும் சொன்னேன். பெண்ணின் அம்மா கேட்டுக்கொண்டார், யோசித்துச் சொல்கிறோம் என்றார். பெண் மட்டும் கதவருகில் நின்று ஒன்று கேட்டாள். "அவருக்கு பாத்தாச்சா?" என்று கேட்டாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. உன் அப்பாவிடம் நான் பதில் இல்லாமல் நின்றதே இல்லை, இருபது வயதுப் பெண் முன்னால் நின்றேன். அவர்கள் விலகினால் விலகட்டும், அதற்காக நான் அழப்போவதில்லை, ஆனால் அடுத்த முறை யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கவேண்டும்.

மிஷினைப் பயன்படுத்துவது சுலபம். காலையில் எழுந்து வெறும் வயிற்றில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு விரல் நுனியின் ஓரத்தில் குத்து, நடுவில் குத்தாதே, ஓரத்தில் வலி குறைவு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார். கை கழுவாமல் பழம் தின்ற விரலில் குத்திவிட்டுக் கூடிவிட்டது என்று பதறாதே. நான் அனுப்புமுன் என் விரலில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். தையல் ஊசி ஏறாத விரல் எனக்கு இல்லை, அதோடு பார்த்தால் இது எறும்புக்கடி. பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தபோது நீ அயனிச் சக்கை மரத்தில் ஏறி இருந்ததும், ஹெட்மாஸ்டரும் உன் அப்பாவும் கீழே நின்று கெஞ்சியதும் எனக்கு மறக்கவில்லை. இப்போது நான் மரத்தடியில் நிற்கவில்லை, நீயே இறங்கி வா. மிஷினில் காட்டுவது ஒரு வழிகாட்டிதான், கூடினாலும் குறைந்தாலும் டாக்டரிடம் போய் முறையாக ரத்தம் கொடுத்துப் பார், அப்போது அந்த என்சைம் சோதனையையும் கேட்டு எடு. எந்த டாக்டரிடம் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும்கூட, எங்கள் குடும்பத்தில் ஜி சிக்ஸ் பிடி குறைவு இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு மாத்திரை வாங்கு, ரூமில் யாரோ தந்தான் என்று வாங்கி விழுங்காதே. பெட்டியில் பாச்சா உருண்டை இருந்தால் தூக்கி எறி. மிஸ்ரிக்காரனிடம் பெரிய கும்பிடு போட்டுவிட்டு வேறு கடைக்குப் போ. இதெல்லாம் நான் உனக்குக் கொடுத்தது என்று மனதில் ஒரு மூலையில் எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உன் கண்ணையும் மூக்கையும், யார் சொன்னாலும் கேட்காத இந்தப் பிடிவாதத்தையும் நான்தான் கொடுத்தேன், அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேனா? கொடுத்தவள் கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

மாமா இப்போது வீட்டில் இருக்கிறான், இன்சுலின் போட்டுக்கொள்கிறான், குச்சி ஊன்றி வாசல்வரை நடக்கிறான். போன ஞாயிறு கோயிலிலிருந்து வந்தபோது அவன் வீட்டுக்குப் போனோம், சந்தையிலிருந்து யாரோ ஒரு மட்டிக்குலை அனுப்பியிருந்தார்கள், அதை அஜிஷாவிடம் கொடுத்துவிட்டு ஒரு பழத்தை மட்டும் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். உன்னைக் கேட்டான். பார்த்துவிட்டானா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன், அவன் அந்தப் பழத்தைக் குலையின்மேல் வைத்துவிட்டு, "எனக்கு முன்ன ஒருத்தன் இத பாத்து நடந்திருந்தா எனக்கு தெரிஞ்சிருக்கும்க்கா, அபினுக்கு முன்ன நான் இருக்கேன்லா, என் கால பாக்கச் சொல்லு அவன்ட்ட" என்றான். அவன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்திருக்கிறோம். உன் லீவை அதற்கு ஏற்றபடி எடு. தாய்மாமன் நீதான் பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கவேண்டும். சங்கிலி போடவேண்டுமே, பவுன் விலை இப்படி ஏறுகிறதே என்று அஜிஷாவிடம் புலம்பினாயாம். சங்கிலி அடுத்த வருஷமும் போடலாம், போடாவிட்டாலும் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் குதிகாலில் குத்திக் குத்தி ரத்தம் எடுத்தார்கள், இரண்டு காலிலும் புள்ளி புள்ளியாகக் கறுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு முறையும் வீரிட்டு அழுவான், முடிந்ததும் என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவான். அவன் கொடுத்த அந்த ரத்தத்தால்தான் உன் மாமாவின் பாதம் தப்பியது, உன் காரியமும் தெரியவந்தது. பெயர்கூட வைக்காத பிள்ளை உனக்காக அழுதிருக்கிறான். அவன் வளர்ந்து, எனக்கு ஏன் மாமா இது ஆகாது, அது ஆகாது என்று கேட்கிற நாளில், எனக்கும் ஆகாது மக்கா, பார் நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்ல முன்னால் ஒருவன் திடமாக நிற்கவேண்டும். மாமன் சீர் என்று நான் உன்னிடம் கேட்பது அதுதான்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உயரத்தில் நிற்கும்போது உன் கால் இடறாமலும் தலை சுற்றாமலும் பிடித்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில், பல் தேய்க்குமுன், மிஷினில் வருகிற எண்ணை எனக்கு அனுப்பவேண்டும். நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று பயப்படாதே, எதுவானாலும் என்னால் தாங்கமுடியும், நீல டிக்கைத்தான் தாங்கமுடியவில்லை. எண் வந்த அன்று பயறு வறுப்பேன், கருப்பட்டி குறைத்து உனக்கும் ஆகிற மாதிரி ஒரு கை செய்ய டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். டின்னைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா. நீ கொடுத்துவிட்ட பேண்ட்டை நான் கத்தரிக்கோலால் தொடவில்லை, மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஞானஸ்நானத்துக்கு உனக்கு வெள்ளைச் சட்டையும் புதுப் பேண்ட்டும் வெட்டிவிட்டேன், இடுப்பு முப்பத்து நான்கு, கழுத்து பதினைந்தரை, போன லீவுக்கு நீ வந்தபோது எடுத்த அதே அளவு. இந்த அளவை நான் மாற்றமாட்டேன், நீதான் இதற்கு வந்து சேரவேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
செ. பூங்கனி